ஏர் பியூரிஃபையர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போகி விடியற்காலையின் புகையும் தீபாவளி இரவின் மருந்து நெடியும்தான் சென்னையில் பலரை ஏர் பியூரிஃபையர் வாங்கக் கடைக்கு அனுப்புகின்றன. 2018ஆம் ஆண்டு போகியன்று விமானங்கள் தரையிறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்படும் அளவுக்குப் புகை மண்டியதை நினைத்தால், அந்த அவசரத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மூச்சிரைப்பு உள்ள குழந்தைக்காகவோ வயதானவருக்காகவோ வாங்கும் கருவி பயன்படாமல் போனால், இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் சதுர அடிக் கணக்கை அப்படியே நம்புவதுதான் மிகப் பெரிய தவறு. ‘400 சதுர அடி வரை’ என்று போட்டிருப்பார்கள். அந்த இடத்தின் காற்றை ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை சுத்தம் செய்யும் என்பதைச் சொல்ல மாட்டார்கள். பார்க்க வேண்டிய எண் சிஏடிஆர் என்பது. கருவி ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் தூய காற்றைத் தருகிறது என்பதை அது காட்டும். 10க்கு 12 அடி படுக்கையறை, கூரை 10 அடி உயரம் என்றால், அறையின் கொள்ளளவு 1,200 கன அடி, அதாவது சுமார் 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று சுத்தமாவது நல்ல அளவு என்பதால், அந்த அறைக்கு 170 சிஏடிஆர் வேண்டும். சிஏடிஆர் 250 உள்ள ஒரு கருவியை அதே உயரமுள்ள 400 சதுர அடிக் கூடத்தில் வைத்தால், அங்கே காற்று மணிக்கு இரண்டு முறைக்குச் சற்று மேல்தான் சுத்தமாகும். வெளியிலிருந்து புகை கசிந்துகொண்டிருக்கும் நாளில் அது போதாது. சில கருவிகளில் இந்த எண்ணை நிமிடத்துக்குக் கன அடியில் கொடுத்திருப்பார்கள், அதை 1.7ஆல் பெருக்கிக்கொண்டு ஒப்பிட வேண்டும்.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. அந்த எண் விசிறி முழு வேகத்தில் ஓடும்போது அளக்கப்படுவது. முழு வேகத்தின் இரைச்சலில் யாரும் தூங்க முடியாது என்பதால் இரவில் குறைந்த வேகத்தில் வைக்கிறோம். அப்போது கிடைக்கும் தூய காற்றும் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. எனவே கணக்கில் வரும் அளவைவிடச் சற்றுப் பெரிய கருவியை வாங்கி நடுத்தர வேகத்தில் ஓட்டுவதே சரி என்பது என் கருத்து.

ஃபில்டரைப் பொறுத்தவரை, ஹெப்பா என்பது மிக நுண்ணிய துகள்களையும் பிடிக்கும் வகை. ஆனால் ‘ஹெப்பா டைப்’, ‘ஹெப்பா போன்றது’ என்ற சொற்களுக்குப் பின்னால் எந்தத் தர அளவும் இல்லை. எச்13 என்ற ஹெப்பா தரம் குறிப்பிடப்பட்டிருந்தால், பிடிப்பதற்கு மிகக் கடினமான அளவுள்ள துகள்களிலும் 99.95 சதவீதத்தை அது தடுக்க வேண்டும். அதற்காகத் தரத்தை மட்டும் பார்த்துச் சிஏடிஆரை விட்டுவிடவும் கூடாது. காற்றைக் குறைவாக இழுக்கும் கருவியில் எவ்வளவு நல்ல ஃபில்டர் இருந்தாலும் அறை சுத்தமாகாது.

2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக் கிடங்கு எரிந்தபோது, சுற்றுப்புறத்தில் இருந்தவர்களைப் புகையோடு நாற்றமும் வாட்டியது. துகளைத் தடுக்கும் ஃபில்டர் வாயுவையும் நாற்றத்தையும் தடுக்காது. அதற்குக் கரி ஃபில்டர் வேண்டும். பல கருவிகளில் அது கரித்தூள் தூவிய மெல்லிய பஞ்சுத் தாளாகவே இருக்கும். கடையில் அதைக் கழற்றிக் கையில் தூக்கிப் பாருங்கள்: உள்ளே மணிமணியாகக் கரி நிறைந்து கனமாக இருந்தால்தான் நாளாவட்டத்திலும் பயன் தரும்.

அயனி, ஓசோன் என்று கூடுதல் வசதிகளைச் சொல்லி விற்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. அயனி வசதியும் ஓசோனை வெளிவிடக்கூடும். ஓசோன் நுரையீரலை எரிச்சலூட்டும் வாயு. வீட்டுக் கருவிகள் வெளிவிடும் ஓசோன் பத்து லட்சத்தில் 0.05 பங்கைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் சட்டமே வைத்திருக்கிறது. ஆஸ்துமா உள்ள வீட்டில் இந்த வசதியே இல்லாத கருவியை வாங்குவது நல்லது. இருந்தால் அணைத்து வைக்க வேண்டும்.

வாங்கி வந்த பிறகும் தவறுகள் நடக்கின்றன. என் அக்கா வீட்டில் கருவி எட்டு மாதம் ஓடியும் அவர் மகனின் இருமல் குறையவில்லை. ஒரு நாள் பின்மூடியைத் திறந்து பார்த்தேன். ஃபில்டர் மேல் சுற்றிய பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. அதே கருவி பீரோவுக்கும் திரைச்சீலைக்கும் நடுவே மூலையில் ஒட்டி நின்றது. உறையைப் பிரித்து, சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, மகனின் கட்டிலுக்கு அருகில் வைத்தோம்.

அறைக்குள்ளேயே புகை எழுப்பிக்கொண்டு கருவியை நம்புவதும் வீண். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. சுருளை விட்டுக் கொசுவலைக்கு மாறினால் கருவியின் வேலை குறையும்.

அலுவலகத்தில் நடக்கும் தவறு வேறு. பத்துப் பேர் அமர்ந்த கூட்ட அறையில் மதியத்துக்குப் பிறகு தலை கனப்பதற்கு, எல்லோரும் விடும் மூச்சால் அறையில் சேரும் கரியமில வாயு காரணமாக இருக்கலாம். ஏர் பியூரிஃபையர் அதை நீக்காது. ஸ்பிளிட் ஏசியும் உள்ளே இருக்கும் காற்றையே சுழற்றுகிறது. வெளிக்காற்று நன்றாக இருக்கும் நேரத்தில் சன்னலைத் திறப்பதைத் தவிர அங்கே எளிய வழி இல்லை.

கருவியின் விலையோடு மாற்று ஃபில்டரின் விலையையும், அது ஊரில் கிடைக்கிறதா என்பதையும் கடையிலேயே கேட்டுவிட வேண்டும். கழுவக்கூடியது முன்புறத்து வலை மட்டுமே. ஹெப்பா ஃபில்டரைத் தண்ணீரில் கழுவினால் இழைகள் கெட்டுவிடும். நான் புது ஃபில்டரின் ஓரத்தில், மாட்டிய தேதியைப் பேனாவால் எழுதி வைத்துவிடுகிறேன். கருவியில் எரியும் எச்சரிக்கை விளக்கு பெரும்பாலும் ஓடிய மணி நேரத்தைத்தான் எண்ணுகிறது, படிந்த அழுக்கை அல்ல.