கடன் கொடுத்தவரிடம் செட்டில்மென்ட் பேசுவது எப்படி

தவணை தவறியதும் பலரும் முதலில் செய்வது, வசூல்காரர் போன் வந்தால் எடுக்காமல் விடுவது. அதனால் வட்டியும் அபராதமும் ஏறுமே தவிர வேறொன்றும் நடக்காது. பேசத்தான் வேண்டும், ஆனால் கணக்குப் போட்டுவிட்டுப் பேசுங்கள்.

ஒவ்வொரு கடனிலும் அசல் பாக்கி எவ்வளவு, அதன் தலையில் ஏறிய வட்டியும் அபராதமும் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதுங்கள். வீட்டையோ வண்டியையோ ஈடு வைத்து வாங்கிய கடன் என்றால் பேரத்துக்கு இடம் குறைவு, பொருளை எடுத்து விற்றுக்கொள்ளலாம் என்று அவர்களுக்குத் தெரியும். கிரெடிட் கார்டு, பர்சனல் லோன் கதை வேறு. வழக்குப் போட்டு வசூலிக்கச் செலவும் காலமும் பிடிக்கும் என்பதால், கைக்கு வருவதை வாங்கிக்கொண்டு கணக்கை முடிக்கச் சம்மதிப்பார்கள்; இதைத்தான் செட்டில்மென்ட் என்பது. பழைய பாக்கிகளை வேறு வசூல் நிறுவனத்துக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிடுவதும் உண்டு; அப்படி யாராவது புதிதாக வந்து கேட்டால், கடன் அவர்கள் கைக்கு மாறியதற்கு ஆதாரம் கேட்காமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். பல நாடுகளில், காலாவதியாகப் போகும் பழைய கடனில் சிறு தொகை கட்டினாலே வழக்குத் தொடுப்பதற்கான கெடு முதலிலிருந்து ஓட ஆரம்பித்துவிடும்.

வருமானம் சீக்கிரம் திரும்பிவிடும் என்றால் செட்டில்மென்ட் கேட்காதீர்கள். வட்டிக் குறைப்பு, அபராதத் தள்ளுபடி, நீண்ட தவணை, இதையெல்லாம் முதலில் கேட்டுப் பாருங்கள். பாதிப் பணத்தில் முடித்த கடன், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் அறிக்கையில் அப்படியே பதிவாகி, வருடக்கணக்கில் புதுக் கடனுக்கு முட்டுக்கட்டையாக நிற்கும். சில நாடுகளில் தள்ளுபடியான தொகைக்கு வரியும் உண்டு, ஜாமீன் போட்டவர் இருந்தால் அவர் தலையும் உருளும்.

சரி, வேறு வழியில்லை, செட்டில்மென்ட்தான் என்றால் பணத்தைத் திரட்டிய பிறகே வாயைத் திறங்கள். உங்களால் 100க்கு 50 தர முடியும் என்றால் 30ல் ஆரம்பியுங்கள். வேலை போனது, மருத்துவச் செலவு, எது காரணமோ அதை இரண்டே வரியில் சொல்லி, தொகையைச் சொல்லி, அப்புறம் சும்மா இருங்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல், கடன் வாங்கியவர்களே தொகையை ஏற்றிச் சொல்லிவிடுவதுதான் அதிகம். "இன்னைக்குள்ள கட்டினாத்தான் சார் இந்த ஆஃபர்" என்பார்கள் வசூல்காரர்கள். "கடிதம் அனுப்புங்க, வந்த உடனே கட்டுறேன்" என்பதைத் தவிர வேறு பதில் வேண்டாம். மாதக் கடைசியில், இலக்கை எட்டும் அவசரத்தில், அவர்களே இறங்கி வருவதும் நடக்கும்.

கடிதத்தில் கடன் எண், ஒப்புக்கொண்ட தொகை, கடைசி தேதி, இதைக் கட்டினால் மீதி எதுவும் கேட்கமாட்டோம் என்ற வாசகம், நாலும் இருக்க வேண்டும். ஏஜென்டின் சொந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பவே கூடாது. பேசி முடித்துத் தருகிறோம் என்று முன்பணம் கேட்கும் இடைத்தரகர்களையும் கிட்டே சேர்க்காதீர்கள், நீங்கள் பேசுவதைத்தான் அவர்களும் பேசப் போகிறார்கள்.

கட்டி முடித்ததும் பாக்கி இல்லை என்ற சான்றிதழை வாங்குங்கள். ஓரிரு மாதம் கழித்து கிரெடிட் அறிக்கையை எடுத்துப் பார்த்து, இன்னும் நிலுவை காட்டினால் கடிதத்தையும் ரசீதையும் இணைத்துத் திருத்தம் கேளுங்கள்.