வானிலைச் சொற்களில் நாம் தடுக்கி விழும் இடங்கள்

வானிலை அறிக்கையில் வரும் சொற்கள் பெரும்பாலும் நமக்குப் பழகியவைதான். ஈரப்பதம், வாய்ப்பு, காற்று, கரையைக் கடப்பது. பழகிய சொல் என்பதாலேயே யாரும் நின்று பொருள் கேட்பதில்லை. தவறு நுழைவது அங்கேதான்.

முதலில் ஈரப்பதம். '100 சதவீதம்' என்று பார்த்ததும் காற்று முழுக்கத் தண்ணீர் என்று நினைத்துவிட வேண்டாம். அறிக்கையில் தருவது ஒப்பு ஈரப்பதம். அப்போதைய வெப்பநிலையில் காற்றில் அதிகபட்சம் எவ்வளவு நீராவி இருக்க முடியுமோ, அதில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதையே அந்தச் சதவீதம் சொல்கிறது. அந்த அதிகபட்சம் நிலையானது அல்ல. வெப்பம் கூடக்கூட வேகமாக ஏறும். 10 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு ஏறத்தாழ 9 கிராம், 30 டிகிரியில் ஏறத்தாழ 30 கிராம். ஆக, 10 டிகிரியில் 100 சதவீதம் என்றால் 9 கிராம் நீராவி. 30 டிகிரியில் 50 சதவீதம் என்றாலே 15 கிராம். சதவீதம் பாதிதான், ஈரமோ அதிகம்!

அதேபோல, விடியற்காலையில் 90, பிற்பகலில் 50 என்று காட்டினால் காற்று உலர்ந்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. நீராவி அப்படியே இருக்க, வெயில் ஏறியதால் மட்டும் சதவீதம் இறங்கியிருக்கலாம். புழுக்கம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் பனிநிலையைப் பாருங்கள். காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால் எந்த வெப்பநிலையில் நீராவி துளியாக மாறத் தொடங்குமோ, அதுதான் பனிநிலை. அது 24 டிகிரியைத் தாண்டிவிட்டால் வியர்வை எளிதில் உலராது. ஈரப்பதத்துக்குப் பக்கத்தில் இந்த எண்ணையும் எல்லா அறிக்கைகளும் தர வேண்டும் என்பது என் விருப்பம்.

அப்புறம், மேகம் நீராவி அல்ல. நீராவி கண்ணுக்குத் தெரியாத வாயு. நாம் மேகமாகக் காண்பது நுண்ணிய நீர்த்துளிகளையும் பனித்துகள்களையும்.

'மழைக்கு 40 சதவீத வாய்ப்பு' என்பதை நாளில் 40 சதவீத நேரம் பெய்யும் என்றோ, லேசாகத்தான் பெய்யும் என்றோ படிப்பவர்கள் நிறையப் பேர். இதே சூழல் அமைந்த 10 நாட்களை எடுத்துக்கொண்டால், நீங்கள் இருக்கும் இடத்தில் ஏறத்தாழ 4 நாட்கள் மழை விழும் என்பதே பொருள். எவ்வளவு நேரம், எவ்வளவு கனமாக என்பது பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லாது. அளவைச் சொல்வது மில்லிமீட்டர்: 1 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 லிட்டர் தண்ணீர்.

காற்றின் திசையில் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை. வானிலையியலும் அப்படித்தான்; வடகிழக்குக் காற்று என்றால் வடகிழக்கிலிருந்து வீசுவது. ஆனால் கடல் நீரோட்டத்துக்கு வழக்கம் நேர்மாறு. அது எந்தத் திசை நோக்கி ஓடுகிறதோ அந்தத் திசையையே சொல்வார்கள். இரண்டையும் ஒரே வரைபடத்தில் பார்க்கும்போது இதை மறந்தால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

உயிரோடு விளையாடும் தவறு புயலில்தான் இருக்கிறது. 'புயல் கரையைக் கடந்தது' என்றால் அதன் மையம் நிலத்தைத் தொட்டுவிட்டது என்று பொருள், புயல் முடிந்தது என்று அல்ல. புயலின் நடுவே பல கிலோமீட்டர் அகலமுள்ள அமைதியான பகுதி, அதாவது கண், தலைக்கு மேல் வரும்போது காற்று அடங்கும், சில சமயம் வானம்கூட வெளுக்கும். சரி, ஓய்ந்துவிட்டது என்று மக்கள் வெளியே வருவது அப்போதுதான். ஆனால் மிகக் கடுமையான காற்று கண்ணைச் சுற்றியுள்ள மேகச் சுவரில் இருக்கிறது. முன்பக்கச் சுவர் கடந்துவிட்டது, பின்பக்கச் சுவர் இனிமேல்தான் வர வேண்டும். அது வரும்போது காற்று எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். முதல் பாதியில் ஒரு பக்கம் சாய்ந்து தப்பித்த மரம் இப்போது மறுபக்கம் விழலாம். வெளியே வரலாம் என்ற அறிவிப்பு வரும்வரை உள்ளேயே இருங்கள்.