ஹெல்மெட்டைப் பூட்டிவிட்டோம் என்று நிம்மதியாகப் போகிறவர்களுக்கு

போன மாதம் ஆழியாறில் ஒரு டீக்கடையில் நின்றிருந்தேன். வால்பாறைக்குப் போகும் பையன்கள் கூட்டம் ஒன்று வந்து இறங்கியது. ஐந்து பைக், எட்டுப் பேர். இறங்கிய வேகத்தில் நாலு ஹெல்மெட் பைக் கண்ணாடிகளில் தொங்கின, இரண்டு டேங்க் மேல் ஏறின, ஒன்று சீட்டின் நுனியில் உட்கார்ந்தது. எட்டாவது ஹெல்மெட்டின் சொந்தக்காரன் மட்டும் சீட்டைக் கழற்றி, ஸ்ட்ராப்பில் இருக்கும் டி வடிவ வளையத்தை (டி-ரிங்) உள்ளே இருந்த கொக்கியில் மாட்டி, சீட்டை அழுத்திப் பூட்டினான். மற்றவர்களைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

எனக்கு அவனைப் பார்த்துத்தான் பகீரென்றது. ராமேஸ்வரத்தில் நானும் அதே சிரிப்போடுதான் போனேன்.

சீட்டில் வைத்தால் உருளும், தரையில் வைத்தால் யாராவது உதைப்பார்கள் என்பதையெல்லாம் எழுதப் போவதில்லை. இரண்டு தடவை விழுந்தால் கை தானாகப் பழகிவிடும். ஹெல்மெட்டைக் கழற்றி வைப்பதில் வருடக்கணக்கில் வண்டி ஓட்டியவர்களும் விடாமல் செய்கிற சில தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஸ்ட்ராப்பைப் பூட்டினால் ஹெல்மெட்டைப் பூட்டியதாகாது

மூன்று வருடத்துக்கு முன்னால் நானும் நண்பன் ஒருவனும் ஒரே பைக்கில் ராமேஸ்வரம் போனோம். கோயிலில் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு வருவதாகத் திட்டம். ஈரத்துணியோடு ஒவ்வொரு கிணறாக வரிசையில் நிற்க வேண்டும், கையில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு நடக்கிற காரியமில்லை. வண்டியைக் காசு கொடுத்து நிறுத்தும் இடத்தில் விட்டோம். அவன் ஹெல்மெட் வண்டியின் பின்னால் பொருத்திய பெட்டிக்குள், டாப் பாக்ஸில், போய்விட்டது. என்னுடையது கொஞ்சம் பெரியது, பாக்ஸில் அடங்கவில்லை. சீட்டுக்கு அடியில் இருக்கும் கொக்கியில் டி-ரிங்கை மாட்டிப் பூட்டினேன். இரண்டு தடவை இழுத்தும் பார்த்தேன். அசையவில்லை.

இரண்டரை மணி நேரம் கழித்து, தலையில் ஈரம் சொட்டச் சொட்ட வந்தால், டி-ரிங் கொக்கியில் பத்திரமாக இருந்தது. அதோடு இரண்டு விரல் அகலத்துக்கு ஸ்ட்ராப்பும் இருந்தது. வெட்டிய இடம் பிசிறில்லாமல் நேராக இருந்தது, ஒரே இழுப்பு. ஹெல்மெட்டைக் காணோம்.

நான் நம்பியிருந்த கணக்கு இதுதான்: ஸ்ட்ராப்பை அறுத்தால் ஹெல்மெட் உதவாது, உதவாததை எவன் திருடுவான்? இன்றைக்கும் பலர் இதே கணக்கைத்தான் சொல்கிறார்கள். டீக்கடைப் பையனும் சொன்னான்: “யாருண்ணா ஸ்ட்ராப்ப அறுத்து எடுத்துட்டுப் போகப் போறாங்க?”

தம்பி, ரோட்டில் ஐந்து நிமிடம் நின்று பார். எத்தனை பேர் ஸ்ட்ராப்பை மாட்டியிருக்கிறார்கள்? நம்மூரில் பாதிப் பேருக்கு ஹெல்மெட் என்பது தலைக்கு இல்லை, போலீஸுக்கு. ஹெல்மெட் போடாமல் பிடிபட்டால் 1,000 ரூபாய் அபராதம். தலையில் ஏதோ ஒன்று உருண்டையாக இருந்தால் அவர்களுக்குப் போதும். ஸ்ட்ராப் இல்லாத ஹெல்மெட் நமக்குக் குப்பை, அவர்களுக்குப் புது ஹெல்மெட். எனக்கு அது புரிய 9,000 ரூபாய் ஆயிற்று.

இழப்பு அதோடு நிற்கவில்லை. ஊரை விட்டு வெளியே வந்தவனுக்கு ஹெல்மெட் போனால் பயணமே போனமாதிரிதான். பின்னால் உட்காருபவரும் ஹெல்மெட் போட வேண்டும் என்பது சட்டம், எங்களிடம் மிஞ்சியது ஒன்று. நண்பன் பஸ் பிடித்தான். நான் அவனுடைய ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு மதுரைக்குக் கிளம்பினேன். அவனுக்கு மீடியம், எனக்கு லார்ஜ். கிட்டத்தட்ட 170 கிலோமீட்டர். பாம்பன் பாலத்தைத் தாண்டும்போதே நெற்றியில் கம்பி வைத்துக் கட்டியதுபோல வலி. மானாமதுரை வருவதற்குள் மூன்று இடத்தில் நிறுத்திக் கழற்றினேன். மதுரையில் இறங்கியபோது நெற்றியில் இருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்து அவன் சிரித்தான், நான் சிரிக்கவில்லை.

வழியில் சாலையோரம் குவித்து விற்கும் ஹெல்மெட் ஒன்றை வாங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். 2021 ஜூன் முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டை விற்கவே கூடாது. ஆனால் ஸ்டிக்கர் ஒட்டுவது ஒரு பெரிய வேலையா? உள்ளே விரலை விட்டு அழுத்திப் பார்த்தேன். தெர்மாகோல் இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய ஸ்பாஞ்சு. வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சரி, என்ன செய்யலாம்? ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட் என்றால் முகத் திறப்பு வழியாக விட்டு அடிப்பக்கமாக வெளியே எடுக்கிற மாதிரி, தாடைப் பகுதியைச் சுற்றி ஒரு கேபிள் லாக் போடுங்கள். அங்கே அறுப்பதற்கு ஸ்ட்ராப் கிடையாது, ஹெல்மெட்டின் வெளி ஓட்டையே உடைக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் கேபிள் இருந்தால் இரண்டு ஹெல்மெட்டையும் ஜாக்கெட் கையையும் சேர்த்துக் கோத்துவிடலாம். இன்னொரு முனையை வண்டியின் ஃபிரேமில் சுற்றுங்கள். டாப் பாக்ஸ் தட்டிலோ முதுகுச் சாய்விலோ சுற்றாதீர்கள், அவை நாலு போல்ட்டில் கழன்று வந்துவிடும். நம்பர் லாக் என்றால் நாலு எண்ணையும் கலையுங்கள். கடைசி எண்ணை மட்டும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறவர்களை ஒவ்வொரு ரைடிலும் பார்க்கிறேன். கடலோரம் போய் வந்தால் பூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், உப்புக்காற்றில் அது நமக்கே திறக்காது.

கட்டர் கொண்டு வருபவனை இந்தக் கேபிள் தடுக்காது. ஆனால் கட்டரோடு வருபவன் ஹெல்மெட்டுக்காக வருவதில்லை. பிளேடோடு வருபவன் அடுத்த வண்டிக்குப் போய்விடுவான். எனக்கு அது போதும்.

கிளிப் வைத்த ஹெல்மெட்டை முதுகுச் சாய்வில் சுற்றி ‘டக்’கென்று மாட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அதற்குப் பெயர் தொங்கவிடுவது.

அப்புறம் ஒன்று. திருடன் பாதி அறுத்துவிட்டு ஓடியிருந்தால், செருப்புத் தைக்கும் கடையில் கொடுத்துத் தைத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். என்னோடு வருகிற ஒருவர் அப்படித்தான் ஒரு வருடம் ஓட்டினார். ஸ்ட்ராப் ஹெல்மெட்டின் ஓட்டோடு ரிவெட் அடித்து வருகிறது. விழும்போது ஹெல்மெட் தலையை விட்டுப் போகாமல் பிடித்து நிறுத்துவது அது ஒன்றுதான். அந்த இழுப்புக்கு ஊசி நூல் எந்த மூலைக்கு?

கண்ணாடியில் மாட்டுவது

இதைத் தவறு என்றே யாரும் நினைப்பதில்லை. உங்கள் ஹெல்மெட்டின் உள்துணியையும் பஞ்சையும் கழற்றிவிட்டு, உச்சிப் பகுதித் தெர்மாகோலை விரலால் தடவிப் பாருங்கள். என் பழைய ஹெல்மெட்டைத் துவைக்கக் கழற்றியபோது, கட்டைவிரல் நுனி உட்காரும் அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது. பக்கத்திலேயே பிறை வடிவத்தில் இன்னொன்று. கண்ணாடியின் விளிம்பைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன், அச்சாகப் பொருந்தியது.

ஒன்றரைக் கிலோ ஹெல்மெட்டின் முழு எடையும் அந்த ஒரு விளிம்பில் இறங்குகிறது. வண்டியை அணைக்காமல் இறங்கிப் போட்டோ எடுத்தால், இன்ஜின் நடுக்கத்தில் விளிம்பு உள்ளே அரம் போலத் தேய்க்கும். வேலைக்குப் போய் வருகிறவர் ஒரு நாளைக்கு இரண்டு தடவை மாட்டுவார். டூரில் டீக்கு, பெட்ரோலுக்கு, அருவிக்கு, மைல்கல்லுக்கு என்று பதினைந்து தடவை. அந்தத் தெர்மாகோல் ஒரே ஒரு தடவை நசுங்குவதற்காகச் செய்தது, அதுவும் நம் தலைக்காக. நசுங்கினால் திரும்ப எழும்பாது. சின்னப் பள்ளத்தால் ஹெல்மெட் மொத்தமும் வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் அதைத் திரும்பப் போடவில்லை.

யாரும் உதைக்காத சமதளமான இடத்தில் தரையில் வையுங்கள். தலைகீழாக வேண்டாம், போட்டுக்கொள்ளும் நிலையிலேயே வையுங்கள். தூசி படும், படட்டும்.

பெட்ரோல் பாட்டிலும் ஹெல்மெட்டும் ஒரே பெட்டியில்

கூடாது. ஒரு துண்டுத் தெர்மாகோலில் பெட்ரோலை ஊற்றிப் பாருங்கள், காரணம் கண்ணெதிரே கரையும். டேங்க் மூடிமேல் கவிழ்த்து வைப்பவர்களுக்கும் இதே பதில்.

டாப் பாக்ஸை லிட்டரைப் பார்த்து வாங்குவது

45 லிட்டர் என்றால் இரண்டு ஹெல்மெட் போகும் என்று கடைக்காரர் சொல்வார். எந்த ஹெல்மெட் என்று கேட்கமாட்டார். முன்னால் வெயில்தடுப்பு நீட்டிக்கொண்டிருக்கும் அட்வெஞ்சர் ஹெல்மெட் ஒன்றே பாதிப் பெட்டியை அடைத்துக்கொள்ளும். ராமேஸ்வரத்தில் என் ஹெல்மெட் வெளியே நின்றதற்கு மூல காரணமே இந்தத் தப்புதான். இரண்டு ஹெல்மெட்டையும் கையோடு கடைக்குக் கொண்டுபோய், மூடிப் பூட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மூடியைத் தொடையால் அழுத்தித்தான் பூட்ட முடிகிறதென்றால் அடுத்த அளவு.

உள்ளே பழைய துண்டு ஒன்றை விரியுங்கள். டயர் லிவரும் ஸ்பேனரும் ஹெல்மெட்டோடு குடித்தனம் நடத்த வேண்டாம், வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கியபின் வைசர் கண்ணாடியைப் பார்த்தால் அழுகை வரும்.

சைலன்சர் பக்கத்துப் பை

வண்டியின் இருபக்கமும் தொங்குவது துணிப்பை என்றால், ஹெல்மெட்டை சைலன்சர் சூடு படாத மறுபக்கத்துப் பையில் வையுங்கள்.

காலி சீட்டில் கட்டிக்கொண்டு ஓட்டுவது

நண்பரைப் பாதி வழியில் ஏற்றப் போகும்போது அவருக்கான ஹெல்மெட்டை பின்சீட்டில் எலாஸ்டிக் கயிறு போட்டுக் கட்டுகிறோம். உருண்டைப் பொருளின்மேல் கயிறு நிற்காது, பத்து கிலோமீட்டரில் வழுக்கும். வலை போடுங்கள். அதற்கு முன் ஸ்ட்ராப்பைப் பின்கம்பியில் சுற்றி மாட்டிவிடுங்கள். வலை நழுவினாலும் சக்கரத்துக்குள் போகாது. (ஸ்ட்ராப்புக்கு இந்த வேலை பொருந்தும்.) பக்கவாட்டுக் கொக்கியில் தொங்கவிட்டு மட்டும் ஓட்டாதீர்கள்.

இன்டர்காம்

ஹெல்மெட்டில் மாட்டியிருக்கும் பேச்சுக் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுங்கள்.

குரங்கு

ஆழியாறு, கொல்லிமலை, கொடைக்கானல் சாலை. பூட்டு எதுவானாலும் கன்னப் பஞ்சு அவற்றுக்குத்தான். பெட்டி இல்லையென்றால் கையில் எடுத்துப் போங்கள்.

நனைந்ததை அப்படியே பூட்டுவது

ஐப்பசி மழையில் நனைந்த ஹெல்மெட்டை லாட்ஜுக்கு வந்ததும் பெட்டிக்குள் விட்டுத் தூங்கினால், காலையில் மூக்கே முதலில் எழுந்துகொள்ளும். அறைக்கு எடுத்துப் போய் பஞ்சுகளைக் கழற்றி மின்விசிறிக்கு அடியில் போடுங்கள், ஓட்டுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். அறைக்குள் ஹெல்மெட்டை எதற்குக் கொண்டு போகிறீர்கள் என்று லாட்ஜில் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும்.