உயிருள்ள செல்லின் விறைப்பை அணு விசை நுண்ணோக்கியால் அளக்கும் முறை

1986இல் பின்னிக், குவேட், கெர்பர் ஆகியோர் அறிமுகப்படுத்திய அணு விசை நுண்ணோக்கி, மெல்லிய, வளையும் பட்டையான கான்டிலீவரின் முனையால் பரப்பைத் தொட்டு உணரும் கருவி. செல்லின் உயரம், விறைப்பு இரண்டையும் அது ஒருங்கே தரும். உயரப் படத்தைச் சரியாகக் கையாளாதவரின் விறைப்பு எண்ணை நம்ப முடியாது என்பதே என் உறுதியான கருத்து.

கண்ணாடி அடிப்பாகமுள்ள கிண்ணத்தில் பைப்ரோபிளாஸ்ட் எனும் இணைப்புத் திசுச் செல்களை நெருக்கமின்றி வளர்த்து, 37 டிகிரி செல்சியஸில் வைத்து அளக்க வேண்டும். செல்களுக்கிடையே வெறும் கண்ணாடி தெரிவது அவசியம்; உயரத்துக்கு அதுவே அடிமட்டம். விசை மாறிலி (கான்டிலீவரை வளைக்க எவ்வளவு விசை தேவை என்பதன் அளவு) மீட்டருக்கு 0.01 முதல் 0.1 நியூட்டன் வரையுள்ள கான்டிலீவர் பொருந்தும். திரவத்தில் இறக்கியபின் அது நிலைகொள்ளும்வரை காத்திருந்து, கண்ணாடியில் அழுத்தி விலகல் உணர்திறனையும் (கருவியின் சமிக்ஞை எவ்வளவு வளைவைக் குறிக்கிறது என்பதை), கான்டிலீவரின் இயல்பான வெப்ப அதிர்வைக் கொண்டு விசை மாறிலியையும் கணக்கிடுங்கள். கான்டிலீவரின் வளைவை அளக்க அதன்மேல் விழும் லேசர் புள்ளியை நகர்த்தினால் இவற்றை மறுபடியும் செய்தாக வேண்டும்.

பிறகு செல்லையும் அருகிலுள்ள கண்ணாடியையும் உள்ளடக்கிய கட்டத்தில், ஒவ்வொரு புள்ளியிலும் 1 நானோநியூட்டனுக்கு மேற்படாமல் அழுத்தி, முனை நகரும் தூரத்துக்கேற்ப விசை மாறுவதைக் காட்டும் விசை–தூர வரைபடத்தைப் பதிவு செய்யுங்கள்.

அடுத்து வருவது படப் பகுப்பாய்வு. கட்டணமின்றிக் கிடைக்கும் க்விடியான் மென்பொருளே உயரப் படத்துக்குப் போதுமானது. படத்தின் சாய்வை நீக்கும்போது முழுப் படத்தையும் கொடுத்தால், செல்லின் மேடும் கணக்கில் சேர்ந்து தளம் திரிந்துவிடும்; வரிவரியாகச் சமன்செய்தாலோ, செல்லின் இருபுறமும் கண்ணாடி பள்ளமானதுபோலக் கரிய பட்டைகள் தோன்றும். ஆகவே முதலில் செல்லை மாஸ்க் இட்டு விலக்கி, கண்ணாடிப் புள்ளிகளை மட்டும் கொண்டு தளத்தைப் பொருத்துங்கள். மேலும், அழுத்தத்தில் எடுத்த உயரம் செல்லின் உண்மையான உயரத்தைவிடக் குறைவாகவே இருக்கும். ஒவ்வொரு வரைபடத்திலும் முனை செல்லை முதலில் தொடும் புள்ளியைக் கண்டு, அதிலிருந்து உயரத்தைக் கணக்கிடுவதே சரி.

இந்த உயரம் எதற்கு என்றால், செல்லின் விளிம்பு மிக மெல்லியது. அங்கே அழுத்தினால் அடியிலுள்ள கண்ணாடியின் கடினத்தையும் முனை உணரும். விளிம்பு பொய்யாக விறைத்துத் தெரியும். அமுங்கும் ஆழம் உயரத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது வழக்கமான வரம்பு. 300 நானோமீட்டர் அமுக்கினால், உயரம் 3 மைக்ரோமீட்டருக்குக் குறைந்த இடங்களை நீக்கிவிட வேண்டும். எஞ்சிய புள்ளிகளுக்கு, கோள முனையானால், விசையையும் அமுங்கும் ஆழத்தையும் இணைக்கும் சமன்பாடான ஹெர்ட்ஸ் மாதிரியை, பாய்சான் விகிதம் (அமுக்கும்போது பொருள் பக்கவாட்டில் விரியும் விகிதம்) 0.5 எனக் கொண்டு பொருத்தினால், விறைப்பின் அளவான யங் குணகம் கிடைக்கும்.

ஒரே செல்லின் ஆயிரம் புள்ளிகள் ஆயிரம் மாதிரிகள் ஆகா. செல்லுக்கு ஒரு இடைநிலை மதிப்பை எடுத்து, செல்களை ஒப்பிடுங்கள். முனையின் வடிவம், அழுத்திய வேகம், ஆழம் ஆகியவற்றைப் பொறுத்து மதிப்பு மாறுவதால், அவற்றையும் முடிவோடு சேர்த்தே எழுத வேண்டும்.