மருந்தாக்க இரசாயனவியலாளர் ஒருவரின் ஆய்வு வாழ்க்கையை எழுதும் முறை

மலையகப் பாடசாலைகளின் உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவர்கள் விஞ்ஞான மன்றத்துக்காகவோ ஆண்டு மலருக்காகவோ ஒரு விஞ்ஞானியைப் பற்றி எழுதும்போது, பிறந்த ஆண்டு, படித்த கல்லூரி, பெற்ற விருது என்ற வரிசையோடு கட்டுரை முடிந்துவிடுவதைப் பார்க்கிறேன். மருந்தாக்க இரசாயனவியலாளரைப் பொறுத்தவரை அது போதாது. அவர் ஆக்கிய சேர்வை எது, அது உடலில் எதைத் தடுத்தது, அதைத் தொடர்ந்து மற்றவர்கள் எதைச் செய்தார்கள் என்ற மூன்றும் தெரிந்தால்தான் அவருடைய செல்வாக்கு வாசகருக்குப் புலப்படும்.

ஆகவே ஆளைத் தேடுவதற்கு முன் மருந்தைத் தேடுங்கள். மருந்துக்கு நம் மலைகளோடு பழைய உறவு உண்டு. ஹக்கலை தாவரவியற் பூங்கா 1861 இல் தொடங்கப்பட்டதே, மலேரியாவுக்கான குயினைனைத் தரும் சின்கோனாவைப் பயிரிடுவதற்காகத்தான். வீட்டிலுள்ள மாத்திரை அட்டையில் வணிகப் பெயருக்குக் கீழே அச்சிட்டிருக்கும் பொதுப்பெயரை எடுத்துக்கொள்ளலாம். கௌட் எனப்படும் யூரிக் அமில மூட்டு நோவுக்குத் தரும் அலோபியூரினோல், அக்கிக்குத் தரும் அசைக்ளோவிர் ஆகிய இரண்டில் எதைப் பின்தொடர்ந்தாலும் கெர்ட்ரூட் எலியன் என்ற ஒரே பெயரை வந்தடைவீர்கள்.

அவருடைய வாழ்க்கைக் குறிப்பை நான்கு வரிகளில் முடித்துவிடலாம். 1918 இல் நியூயோர்க்கில் பிறந்தார்; 1937 இல் ஹன்டர் கல்லூரியில் இரசாயனவியற் பட்டம் பெற்றார்; 1944 இல் பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் ஜோர்ஜ் ஹிச்சிங்ஸின் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார்; ஆய்வு செய்து பெறும் கலாநிதிப் பட்டம் இல்லாமலேயே 1988 இல் ஹிச்சிங்ஸ், ஜேம்ஸ் பிளக் ஆகியோருடன் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மீதி இடம் முழுவதையும் சேர்வைகளுக்கே கொடுங்கள். டீ.என்.ஏ. ஆக்கத்துக்குக் கலம் பயன்படுத்தும் வளையச் சேர்வைகள் பியூரின்கள் எனப்படும். ஐப்போசாந்தீன் என்ற பியூரினின் ஆறாம் இடத்திலுள்ள ஒட்சிசனுக்குப் பதிலாகக் கந்தகத்தை வைத்தால் 6-மேர்கப்டோபியூரின் கிடைக்கும். கலம் அதைத் தனக்குரிய பியூரின் என்று ஏற்று, டீ.என்.ஏ. ஆக்கத்தில் தடுமாறுகிறது. 1953 இல் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு அது அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. இரண்டு கட்டமைப்புகளையும் அருகருகே வரைந்து காட்டுங்கள்; சேதன இரசாயனவியல் படித்த எவருக்கும் அந்த ஒற்றை மாற்றம் உடனே விளங்கும்.

அங்கே நிறுத்திவிடாதீர்கள். மேர்கப்டோபியூரினை உடலில் சிதைக்கும் சாந்தீன் ஒட்சிடேசு என்ற நொதியத்தைத் தடுப்பதற்காகவே அலோபியூரினோல் ஆராயப்பட்டது. யூரிக் அமிலத்தை உண்டாக்குவதும் அதே நொதியம் என்பதால், புற்றுநோய் மருந்துக்குத் துணையாக வந்தது மூட்டு நோய்க்கான மருந்தாக நிலைத்துவிட்டது. உடலில் மேர்கப்டோபியூரினாக மாறும் அசதியோபிரின், மாற்றி வைத்த சிறுநீரகத்தை உடல் நிராகரிப்பதைத் தடுத்து, சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கு வழி திறந்தது. இவ்வாறு ஒரு சேர்வையிலிருந்து அடுத்தது பிறக்கும் காரணத்தை எழுதுவதே இக்கட்டுரையின் உயிர்.

இதற்குப் பிறகுதான் எண்களுக்கு வர வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்கொலர் தளத்தில் மேற்கோள் எண்ணிக்கையும் எச் சுட்டெண்ணும் கிடைக்கும். 2005 இல் பௌதிகவியலாளர் ஜோர்ஜ் ஹிர்ஷ் முன்வைத்த இந்தச் சுட்டெண் ஒருவருக்கு 40 எனில், ஒவ்வொன்றும் குறைந்தது 40 தடவை மேற்கோள் காட்டப்பட்ட 40 கட்டுரைகள் அவருக்கு உள்ளன என்பது பொருள். எண் பெரிதாக இருப்பதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. யார், எதற்காக மேற்கோள் காட்டினார்கள் என்பதைச் சில கட்டுரைகளையாவது திறந்து பார்க்க வேண்டும். கிறிஸ்தோபர் லிபின்ஸ்கியும் சகாக்களும் 1997 இல் வெளியிட்ட கட்டுரை புதிய மருந்து எதையும் தரவில்லை. ஆயினும் வாயால் உட்கொள்ளும் மருந்தின் மூலக்கூற்று நிறை 500 ஐத் தாண்டாதிருப்பது நல்லது என்பது போன்ற அதன் நான்கு அளவுகோல்கள் இன்றும் ஆய்வுகூடங்களில் பயன்படுகின்றன. அதுவும் செல்வாக்குத்தான், ஆனால் வேறு வகையானது.

மருந்து நிறுவனங்களில் பணியாற்றியவர்களின் உழைப்பில் பெரும்பங்கு ஆக்கவுரிமைப் பத்திரங்களில் இருப்பதால், கூகுள் பேட்டன்ஸ் தளத்தையும் தேடுங்கள். தந்தை பெயரின் தலைப்பெழுத்தை முன்னால் வைக்கும் நம்மவர்களின் பெயர்கள் வெவ்வேறு கட்டுரைகளில் வெவ்வேறு விதமாக அச்சாகும். ஆய்வாளர்களுக்கு வழங்கப்படும் ஓர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் இருந்தால் அதைக்கொண்டு சரிபார்க்கவும்.

சேர்ந்து உழைத்தவர்களை விட்டுவிடாதீர்கள். அசைக்ளோவிரை ஆக்கியது ஹவார்ட் ஷேஃபரின் குழு. வைரசின் நொதியமே அதை முதலில் செயற்படுத்துகிறது என்பதை விளக்கியதில் எலியனின் குழுவுக்குப் பெரும்பங்கு உண்டு. இதைப் பிரித்து எழுதுவதே நேர்மை.

கட்டணம் கேட்கும் கட்டுரைகளின் சுருக்கத்தை, மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிடும் பப்மெட் தளத்தில் இலவசமாக வாசிக்கலாம். எலியனின் நோபல் உரையும் இலவசம். வாழும் ஆய்வாளர் ஒருவரைப் பற்றி எழுத விரும்பினால், பேராதனைப் பல்கலைக்கழக இரசாயனவியல் துறைக்கு ஆசிரியர் மூலம் கடிதம் எழுதி, அவர் கைவிட்ட சேர்வைகள் எவை, ஏன் கைவிட்டார் என்று கேளுங்கள். வெளியான கட்டுரைகளில் அந்தப் பதில் பெரும்பாலும் இராது.