'காப்பி' என்று சொல்வதற்கு முன்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டின் மல்லிகை விலை தினமும் எங்கள் டேட்டாபேஸில் ஏறும். அதைக் கண்காணிக்க நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் இரண்டு ஓப்பன் சோர்ஸ் கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தோம். "அண்ணே, இது அப்படியே காப்பிண்ணே" என்றான் புதிதாகச் சேர்ந்த தம்பி. நானும் நம்பி, ஒன்று மற்றொன்றைத் திருடியது என்று பொதுவிலேயே எழுதிவிட்டேன். அங்கேதான் தவறு தொடங்கியது.

வசதிகள் ஒன்றாக இருப்பதை வைத்துத் திருட்டு என்று முடிவு கட்டாதீர்கள். இன்றைய டேட்டா வந்ததா, வரிசைகள் திடீரெனக் குறைந்தனவா, விலைக் கட்டம் காலியா என்று எந்தக் கண்காணிப்புக் கருவியும் பார்த்தே ஆக வேண்டும். யோசனைக்குக் காப்புரிமை (காப்பிரைட்) கிடையாது, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு என்று 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 2012இல் இசைத் தளமான சவுண்ட்கிளவுடில் பிறந்த புரோமிதியஸ் என்ற கண்காணிப்புக் கருவி, கூகுள் தனக்குள் பயன்படுத்திய போர்க்மான் கருவியைப் பார்த்து உருவானது. அதை அவர்கள் மறைத்ததும் இல்லை.

கிளை பிரிவதையும், அதாவது ஒரு கருவியின் நிரலை எடுத்துத் தனியாக வளர்ப்பதையும், திருட்டு என்று சொல்லக் கூடாது. டேட்டாவை வரைபடமாகக் காட்டும் கிராஃபனா, அதே வகைக் கருவியான கிபானா 3இலிருந்து கிளம்பியது. ஐசிங்கா என்ற கண்காணிப்புக் கருவி 2009இல் நாகியோஸ் என்ற கருவியிலிருந்து பிரிந்தது. உரிமம் அனுமதித்த வழிதான் அது.

சரி, வரிக்கு வரி ஒத்துப்போனால்? எங்களுக்கும் அப்படி ஒன்று கிடைத்தது. இரண்டு கருவிகளின் எர்ரர் மெசேஜிலும் 'ரிசீவ்டு' என்ற ஆங்கிலச் சொல்லில் ஐ, ஈ எழுத்துகள் ஒரே மாதிரி இடம் மாறியிருந்தன. கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்றே நினைத்தேன். எந்த வரியை யார், எப்போது எழுதினார் என்று காட்டும் கிட் பிளேமில் பின்னோக்கிப் போனால், இரண்டுமே அந்தக் கோப்பை மூன்றாவதாக ஒரு பழைய லைப்ரரியிலிருந்து (பிறர் பயன்படுத்தவென எழுதிய நிரல் தொகுப்பு) எடுத்திருந்தன. அதன் எம்ஐடி உரிமம் எடுக்கவும் மாற்றவும் விடுகிறது. காப்புரிமை வரியையும் அனுமதிக் குறிப்பையும் மட்டும் நீக்கக் கூடாது. ஒரு கருவி அந்தக் காப்புரிமை வரியை வைத்திருந்தது, மற்றொன்றில் காணோம். இதுதான் உண்மையான குறை. மற்றவர் உழைப்பில் பெயரை அழிப்பது சின்ன விஷயம் இல்லை.

நிரலில் செய்த மாற்றத்தைப் பதிவு செய்த கமிட் தேதியை மட்டும் நம்பி யார் முந்தியவர் என்று தீர்மானிக்காதீர்கள். அந்தத் தேதியை எழுதுபவரே மாற்ற முடியும். பேக்கேஜ் வெளியான நாளையும் சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம், நான் எழுதியதை அதே இடத்தில் திருத்தி மன்னிப்புக் கேட்டேன். கோப்பின் பெயர், வரி எண், பதிப்பு, மூல லைப்ரரியின் உரிமம் நான்கையும் குறிப்பிட்டு வரி விடுபட்ட கருவியின் குழுவுக்கு ஓர் இஷ்யூ (குறையைத் தெரிவிக்கும் பதிவு) போட்டேன். 'திருட்டு' என்ற சொல் அதில் இல்லை. இரண்டே நாளில் விடுபட்ட வரியைச் சேர்த்துவிட்டார்கள்.