தனுஷ்கோடியில் நடக்கப் போகிறீர்களா, கொஞ்சம் கேட்டுவிட்டுப் போங்கள்

தனுஷ்கோடிக்கு வருகிற பலர் நேரே நிலம் முடிகிற அரிச்சல்முனைக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு, திரும்பும் வழியில் தேவாலயத்தின் முன்னால் இரண்டு நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். மாற்றிச் செய்யுங்கள். முதலில் புயலில் அழிந்த பழைய ஊர், அதுவும் நடந்து.

ராமேசுவரத்திலிருந்து விடிந்ததும் புறப்பட்டுவிடுங்கள், வெயில் ஏறினால் மணல் சுடும், ஒதுங்க நிழல் கிடையாது. குடிக்கத் தண்ணீர் வேண்டும். மணலுக்குள் துருப்பிடித்த இரும்பும் உடைந்த கல்லும் கிடக்கும் என்பதால் செருப்பைவிட ஷூ நல்லது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று மணலை முகத்தில் வாரி அடிக்கும், ஒரு துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரயில் நிலையத்தில் தொடங்குங்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின் சென்னையிலிருந்து போட் மெயில் ரயிலில் வந்தவர்கள் இங்கே இறங்கிக் கப்பலில் தலைமன்னார் போனார்கள், அங்கிருந்து மறுபடி ரயிலேறிக் கொழும்பு. இது தெரிந்தால்தான் இவ்வளவு ஒடுங்கிய மணல்திட்டில் சுங்க அலுவலகமும் தபால் நிலையமும் பள்ளிக்கூடமும் எதற்கு இருந்தன என்று புரியும். 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் கடல் ஊருக்குள் ஏறியது, பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலும் ஆட்களோடு போய்விட்டது. அப்புறம் அரசு இதை வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தது.

சரி, தேவாலயம். இங்கே மட்டும் அவசரமே வேண்டாம். சுவரருகே போய்க் கல்லைப் பாருங்கள், அது பவளக்கல், ஒருகாலத்தில் கடலுக்குள் உயிரோடு இருந்தது, சில கற்களில் அந்த மடிப்பும் துளையும் இன்னும் அப்படியே தெரியும். உப்புக்காற்றில் சாந்து பொரிந்து உதிர்ந்துபோய்க் கல் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதனால் சாயாதீர்கள், ஏறாதீர்கள், படத்துக்காகப் பிள்ளைகளை மேலே உட்கார வைக்காதீர்கள். உதிர்ந்த துண்டையும் எடுக்கக் கூடாது, பவளம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. சுவரில் பெயர் கிறுக்கியிருப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். எத்தனையோ பேருக்குக் கல்யாணம் நடந்த இடம் அது.

ஆளில்லாத ஊர் என்று நினைத்து நடக்காதீர்கள். இங்கே மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசைகளில் இன்னும் வாழ்கின்றன, நீங்கள் நடப்பது அவர்கள் வாசலில். காயும் வலையை மிதிக்காமல் சுற்றிப் போங்கள். மணலில் பள்ளம் தோண்டி நல்ல தண்ணீர் மொள்வார்கள், அந்த ஊற்றில் கால் கழுவிவிடாதீர்கள். சிப்பி மாலை விற்கும் அக்காவிடம் ஒன்று வாங்கிக்கொண்டு, "அக்கா, பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று கேளுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்ட கதை ஏதாவது இருக்கும், சொல்வார்கள். அவர்களைப் படம் எடுப்பதென்றால் முதலில் கேளுங்கள்.

அதன்பின் முனைக்குப் போகலாம். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண் கடல் என்று இங்கே சொல்வார்கள். பெண் கடல் அமைதியாகத்தான் கிடக்கும், அதை நம்பி முனையில் குளிக்க இறங்காதீர்கள், நீரோட்டம் இழுத்துவிடும். இருட்டுமுன் ராமேசுவரம் திரும்பிவிடுங்கள்.